அசன் மைதீன் பார்த்த வண்டி

அசன் மைதீன் என்ற பெயரை நான் முதலில் கேட்டது நாங்குநேரிக்கு இந்தப் பக்கம், நாற்கரச் சாலை ஓரத்து டீக்கடை ஒன்றின் முன்னால். திசையன்விளையில் என் தங்கையின் மாமியார் மௌத்தாகி, துக்கம் கேட்டுவிட்டுப் பேட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கார் ஓட்டியவன் சதாம், என் நாத்தனார் மகன். வேகம் எடுத்தால் ஸ்டீரிங் அவன் கையில் கிடந்து நடுங்கியது. பின்னால் இருந்த எங்களுக்கும் அந்த நடுக்கம் காலுக்கடியில் வந்தது. ஓரங்கட்டி இறங்கியவன் முன் டயரை ஒரு மிதி மிதித்துப் பார்த்தான்.

"மாமி, இத வேற எவன்ட்டயும் காட்டக் கூடாது. மேலப்பாளையத்துல அசன் மைதீன் காக்கான்னு ஒருத்தரு இருக்காரு. அவரு கை வச்சாத்தான் என்னன்னு தெரியும்" என்றான்.

"எந்த அசன் மைதீன்? யாரு மகன்?" என்று கேட்டேன்.

"யாரு மகனா இருந்தா என்ன? வண்டிதான மாமி காட்டப் போறோம், பொண்ணா கேக்கப் போறோம்?"

என்னால் அப்படி விட முடியாது. போகிற வழியெல்லாம் கேட்டுக் கேட்டு, ஒர்க்‌ஷாப் வாசலில் இறங்கும்போது பிடித்துவிட்டேன். அவன் உம்மா மீரம்மா. மீரம்மாவின் உம்மாவும் என் உம்மாவும் அக்கா தங்கை பிள்ளைகள். அப்படிப் பார்த்தால் அவன் எனக்கு மகன் முறை.

பாளையங்கால்வாய்க் கரையில் தகரக் கூரை போட்ட இடம். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு காரின் முன்னால் குந்தியிருந்தான். நான் உறவைச் சொன்னதும் எழுந்து, எண்ணெய்க் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, "அப்பம் நீங்க பெரியும்மா முறைலா வேணும். ஏ பூதத்தான், ஒரு சேரு எடுத்துப் போடு" என்றான். பூதத்தான் அவனிடம் வெகுகாலமாக வேலை பார்த்தவர். அவனுக்கும் மூத்தவர்.

சதாமின் காரை அவன் பார்த்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. திருப்புளி, ஸ்பானர் ஒன்றையும் எடுக்கவில்லை. சதாமைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கால்வாய்க் கரை மேடுபள்ளத்தில் தானே ஓட்டிப் போய் வந்தான். காரின் முன் மூலையை அமுக்கி விட்டு, அது எத்தனை தரம் குதித்து அடங்குகிறது என்று பார்த்தான். பிறகு உள்ளங்கையால் டயரைத் தடவினான். உள்நோக்கித் தடவும்போது வழுக்கி, வெளிநோக்கித் தடவும்போது அறுத்தால், சக்கரம் நேராக நிற்கவில்லை, கோணிக்கொண்டு ஓடுகிறது என்று அர்த்தமாம். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். இடமும் வலமும் பிடித்து ஆட்டினான். ஆட்டும்போது கண் வேறெங்கோ இருந்தது. நாடி பிடிக்கிற வைத்தியர் முகம் அப்படித்தான் இருக்கும்.

"ஜாயிண்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வீலுல ஒட்டியிருந்த ஈயக்கட்டி எங்கனயோ விழுந்துட்டு. பேலன்ஸ் பாத்து ஒரு கட்டி ஒட்டு, போதும்" என்றான்.

"அவ்வளவுதானா காக்கா?"

"பின்ன, இஞ்சினக் கழத்தி கையில தரணுமாலே?"

அதன்பிறகு நான் போக்குவரத்தாக இருந்தேன். அவன் வாப்பா தறி நெய்தவர், சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அசன் சின்ன வயதிலேயே சவூதியில் தம்மாமுக்குப் போய், ஒரு கராஜில் முன்சக்கர வேலை மட்டும் பழகி, திரும்பி வந்து இந்த இடத்தைப் போட்டான். பெண்டாட்டி ஹமீது பீவி, ஏர்வாடிக்காரி. ஒரே மகள் நஸீமா. ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாலேயே வீடு. பழைய கார் வாங்குகிறவர்கள் பேச்சை முடிக்கும் முன்னே அவனிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். விற்கிற தரகர்களும் "இது அசன் மைதீன் பார்த்த வண்டி" என்று சொல்லித்தான் விற்பார்கள். அவன் குடும்பம் ஓடியது அந்த ஒரு பேச்சில்தான். பெரிய பெரிய இடங்களில் இருக்கிற மெஷின் ஒன்றும் அவனிடம் கிடையாது. இருந்தது கை.

அந்தக் கைதான் போனது.

சர்க்கரை அவனுக்கு முன்பே உண்டு. மாத்திரையை நினைத்தால் போடுவான், மறந்தால் விட்டுவிடுவான். ஒருநாள் சோறு பரிமாறும்போது ஹமீது பீவி அவன் விரல் நுனிகளில் கொப்புளம் கண்டாள். சூடேறிய சைலன்சர் குழாயைப் பிடித்திருக்கிறான். பிடித்தது அவனுக்குத் தெரியவில்லை. ஆவி பறக்கிற சோற்றை அந்தக் கையாலேயே பிசைந்துகொண்டிருந்தான். பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நரம்பு செத்திருக்கிறது, இனிமேல் கூடாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது வராது என்று அவர் சொல்லியிருக்கிறார். மரத்துப்போன கால் போல இரண்டு கையும்.

வீட்டுக்கு வந்து அவன் சொன்னது ஒன்றே ஒன்று.

"வெளிய சொல்லாத. கை இல்லன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒரு வண்டி இந்தப் பக்கம் திரும்பாது."

ஹமீது பீவி சொல்லவில்லை. எனக்கே வெகுநாள் கழித்துத்தான் சொன்னாள்.

பாளையங்கோட்டையில் சிவசைலம் என்று ஒரு பிள்ளைவாள். பத்திரப் பதிவு ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அவர் வீட்டம்மா சொர்ணாம்பாளும் எங்கே புறப்பட்டாலும் காரை முதலில் அசனிடம் காட்டிவிட்டுத்தான் போவார்கள். கார் இடது பக்கம் இழுக்கிறது என்று ஒருநாள் கொண்டுவந்தார். அசன் டயரைத் தடவினான். சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டினான். ஆடுகிறதா இல்லையா என்று கை ஒன்றும் சொல்லவில்லை. கை சொல்லாததால் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டான்.

"அலைன்மெண்டுதான் அண்ணாச்சி. பாத்துக்கிட்டா சரியாப் போவும்" என்று அனுப்பிவிட்டான்.

நாங்குநேரி தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கும்போது, ஸ்டீரிங்கையும் சக்கரத்தையும் பிடித்து வைத்திருக்கிற டை ராடு முனை கழன்று, ஒரு சக்கரம் ஒரு பக்கமும் மறு சக்கரம் மறு பக்கமுமாகத் திரும்பிக்கொண்டது. கார் சாலையை விட்டு இறங்கி முள்ளுக்குள் போய் நின்றது. சொர்ணாம்பாளுக்குக் கை மணிக்கட்டு ஒடிந்தது. மற்றபடி ஒன்றும் இல்லை.

சிவசைலம் ஓர் ஆட்டோவில், தோட்டத்தில் வெட்டிய வாழைத்தார் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்.

"ரோட்டுல பள்ளத்த போட்டு வச்சிருக்கானுவ வே. நீரு பாத்த வண்டிங்கறதுனால உசிரோட வந்தோம். வேற ஆளு பாத்திருந்தா என்னைக்கோ மேல போயிருப்போம்" என்று அவன் தோளைத் தட்டினார்.

இழுத்துக்கொண்டு வந்த காரில் கழன்ற அந்த முனை தொங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் மூடி எப்போதோ கிழிந்து, உள்ளே கிரீஸ் வற்றி, குண்டு தேய்ந்து செந்துரு பிடித்திருந்தது. ஒருநாளில் வருகிற தேய்மானம் இல்லை அது. அவன் பிடித்து ஆட்டிய அன்றைக்கே அது ஆடியிருக்க வேண்டும். கண்ணால் பார்த்ததும் அது அவனுக்குத் தெரிந்துவிட்டது. புதுசு மாட்டிக் கொடுத்தான். வாழைத்தாரைப் பூதத்தானிடம் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னான்.

அதன்பிறகு சக்கரத்தை ஆட்டுகிற வேலையைப் பூதத்தானிடம் விட்டுவிட்டான். பூதத்தான் ஆட்டுவார், இவன் கீழே படுத்துக் கண்ணால் பார்ப்பான். இடுப்புவலி என்று ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தான். ஸ்பிரிங்கில் கை வைத்து அறிய வேண்டியதற்குக் கன்னத்தை வைக்க ஆரம்பித்தான். பூதத்தான் ஸ்டீரிங்கைத் திருப்பத் திருப்ப, இவன் தாடை எலும்பை ஸ்பிரிங்கோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடியிருப்பான். பார்த்தவர்கள் இதை ஒரு பெருமையாக எடுத்துக்கொண்டார்கள்.

"முன்னாடி கைய வச்சு கண்டுபிடிச்சாரு, இப்பம் கன்னத்த வச்சே சொல்லிருதாரு. இன்னும் கொஞ்ச நாள் போனா வண்டி வீட்டுல நிக்கும்போதே சொல்லிருவாரு போல" என்று சதாம் என்னிடம் வந்து சொன்னான். நான் ஹமீது பீவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் எனக்குச் சொன்னாள்.

நஸீமாவைச் சாத்தான்குளத்தில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை சல்மான் ஃபாரிஸ், சம்பந்தி முகம்மது இப்ராஹிம். இரண்டு பேரும் அங்கே ஜவுளிக்கடை வைத்திருக்கிறார்கள். தலைப்பிள்ளை இங்கே பிறந்து, பிள்ளையையும் தாயையும் அழைத்துப்போக அவர்கள் வந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். பூதத்தான் இல்லை. அவர் குலசாமி கோயிலில் கொடை விழா. அந்த வாரம் முழுக்க அவரைப் பார்க்க முடியாது.

சாப்பிட்டுக் கை கழுவும்போது மாப்பிள்ளை பேச்சோடு பேச்சாக, "ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்கினா முன்னால டக்குன்னு ஒரு சத்தம் வருது மாமா. பெருசா ஒண்ணும் இருக்காது" என்றான். கார் அவன் அப்போதுதான் கைமாற்றி வாங்கியது.

அசன் எழுந்து வெளியே போனான். காரை ஒர்க்‌ஷாப் வாசலுக்குள் எடுத்து ஜாக்கி வைத்தான். வீட்டு வாசலில் இருந்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நஸீமா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். சாமான்கள் எல்லாம் கட்டித் தயாராக இருந்தன.

அந்தச் சத்தம் பத்து காரணத்தால் வரலாம். ஒன்பது காரணத்துக்கு ஊர் போய்ச் சேர்ந்து ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம். ஒன்றுக்கு மட்டும் வண்டியை நகர்த்தக் கூடாது. அது எது என்று சக்கரத்தை ஆட்டினால்தான் தெரியும். அசன் மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். ஒன்றும் தெரியவில்லை. மறுபடியும் ஆட்டினான். ஆட்டிக்கொண்டே கீழே கண்ணைக் கொண்டுபோகவும் முடியாது. கன்னத்தை வைத்து அறிகிற சங்கதியும் இல்லை இது. கூட ஒரு ஆள் வேண்டும். இருந்த ஆம்பிளைகள் மாப்பிள்ளையும் சம்பந்தியும் அவர்கள் கூட வந்தவர்களும்தான். பெண் எடுத்த வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரைத் தண்ணீர்த் தம்ளரைக் கூடத் தாங்களாக எடுக்க விடமாட்டார்கள் எங்கள் பக்கம். அவர்களில் ஒருவரை வெள்ளைச் சட்டையோடு டயருக்குப் பக்கத்தில் குந்தச் சொல்வது நடக்காத காரியம். காரணம் சொல்லாமல் வண்டி வேண்டாம், நிற்கட்டும் என்றால், பெண்ணை அனுப்ப மனசில்லாமல் சாக்கு சொல்கிறான் என்று அவர்கள் ஊரில் பேச்சாகிவிடும். ஒன்றும் இல்லை, போங்கள் என்று சொல்லிவிடலாம். ஒரு தடவை அப்படிச் சொன்னவன்தான்.

அவன் சக்கரத்தைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தான்.

"என்ன சம்பந்தி, டயரு கைய விடமாட்டேங்குதோ?" என்று இப்ராஹிம் சிரித்தார்.

அசன் வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏளா, இங்க வா" என்று கூப்பிட்டான்.

ஹமீது பீவி பலகாரம் கட்டிக்கொண்டிருந்தாள். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள்.

"இப்படி இரி. மேல ஒரு கை, கீழ ஒரு கை. மேல உள்ள தள்ளு, கீழ வெளிய இழு. அப்புறம் மாத்திச் செய்யி."

அவள் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு குந்தி, அவன் சொன்னபடி செய்தாள்.

"என்ன தெரியுது?"

"டொக்கு டொக்குங்குது."

"மேலயா, கீழயா?"

"கீழதான். இந்தக் கையில தெரியுது."

"பக்கவாட்டுல பிடிச்சு ஆட்டு."

"அதுல ஒண்ணும் இல்ல."

அவன் எழுந்து போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை அமுக்கிப் பிடித்தான். பிரேக் பிடித்தால் ஆட்டம் நின்றுவிட்டதென்றால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அப்படியும் ஆடினால் பால் ஜாயிண்ட். சக்கரத்தைக் கீழே தாங்கிப் பிடித்திருக்கிற குண்டு அது. அது கழன்றால் ஓடுகிற வண்டியில் சக்கரம் மடங்கிவிடும்.

"இப்பமும் இருக்கா?"

"இருக்கு."

"நல்லாப் பாரு."

"இருக்குங்க. அப்படியேதான் இருக்கு."

இப்ராஹிமுக்கு இது பொறுக்கவில்லை. "என்ன சம்பந்தி இது, உங்க ஊர்ல பொம்பளையாளுதான் வண்டி பாக்குமா? நாங்க இத்தன பேரு நிக்கோம்" என்றார். அவர் கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

அசன் காரை விட்டு இறங்கினான்.

"எனக்குக் கை செத்துப் போச்சு சம்பந்தி. ரெண்டு கையும். சக்கரம் ஆடுதா ஆடலையான்னு எனக்குத் தெரியாது. அதான் இவளக் கூப்பிட்டேன்" என்றான். வெயில் அதிகம் என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். "இந்த வண்டி போவக் கூடாது. வேற வண்டி பிடிச்சுத் தாரேன்."

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நஸீமா பிள்ளையின் துணிக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். அவளுக்கும் அதுவரை தெரியாது.

மாப்பிள்ளை பைய வந்து, "என்கிட்ட சொல்லியிருந்தா நான் பிடிச்சிருப்பேம்லா மாமா" என்றான்.

"மாப்பிள்ளைய எப்படி..." என்றான் அசன்.

சதாமைக் கூப்பிட்டு அவன் வண்டியில் எல்லோரையும் ஏற்றி அனுப்பினோம். கொடை முடிந்து பூதத்தான் வந்து அந்தக் காரைக் கழற்றியபோது, கீழ்க் குண்டு அதன் குழியை விட்டு அவர் கையோடு வந்துவிட்டது. சுத்தியல் கூட வைக்கவில்லை. சல்மான் ஃபாரிஸ் வந்து பார்த்து அதைப் போட்டோ எடுத்தான். நல்ல பையன் அவன். மாமனார் மேல் அவ்வளவு மரியாதை. சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப்பில் அந்தப் போட்டோவைப் போட்டு, எங்கள் மாமாவுக்கு இரண்டு கையிலும் உணர்ச்சி இல்லை, அப்படி இருந்தும் மாமியைப் பிடிக்கச் சொல்லியே கண்டுபிடித்து எங்கள் எல்லோர் உயிரையும் காப்பாற்றினார் என்று எழுதிவிட்டான். எல்லோரும் மாஷா அல்லாஹ் போட்டார்கள். அங்கிருந்து அது மேலப்பாளையம், பேட்டை, ஏர்வாடி என்று போனது. டாக்ஸிக்காரர்களுக்குப் போனது. தரகர்களுக்கும் போனது.

சதாம் ஒருநாள் டீக்கடையில் கேட்டதை வந்து சொன்னான்.

"கை செத்தவர்ட்ட கொண்டு காட்டுததுக்கு நாமளே ஒரு மிதி மிதிச்சுப் பாத்துக்கிடலாம்ங்கான் ஒருத்தன். இன்னொருத்தன், வண்டிய ஒர்க்‌ஷாப்புல விடணுமா, அவரு வீட்டு அடுப்படில விடணுமான்னு கேக்கான்."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல மாமி."

அவனும் தன் வண்டியை வேறு இடத்தில்தான் காட்டிக்கொண்டிருந்தான். நான் கேட்கவில்லை.

சிவசைலம் வந்தபோது நான் ஹமீது பீவியோடு உள்ளே இருந்தேன். ஒர்க்‌ஷாப்பில் வண்டி ஒன்றும் இல்லை. அசன் சேரில் உட்கார்ந்திருந்தான், எழுந்து அவரை உட்காரச் சொன்னான். அவர் உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கணும் வே. என் வண்டிய நீரு பாத்தேரே, அன்னைக்கும் கை இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமா அண்ணாச்சி."

"தெரிஞ்சேதான் பாத்தேரா?"

"தெரிஞ்சேதான்."

சிவசைலம் கால்வாய்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். "எங்க வீட்டம்மாவுக்கு அந்தக் கையால இன்னும் தோசையத் திருப்பிப் போட முடியல" என்றார். பிறகு, "ரோட்டுப் பள்ளம், ரோட்டுப் பள்ளம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்" என்றார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கணும் அண்ணாச்சி."

"சொல்லியிருக்கணும்."

அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஹமீது பீவி பிற்பாடு சொன்னாள். அவர் ஏசவில்லை. அவள் கொண்டுபோய் வைத்த டீயைக் குடிக்காமல், வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அசன் திரும்ப அந்தச் சேரிலேயே உட்கார்ந்தான். டீ ஆடை படிந்து கிடந்தது. நான்தான் எடுத்துப் போய்க் கொட்டினேன்.

பிறகு வண்டி வரவில்லை. பூதத்தான் கொஞ்ச காலம் கூட இருந்தார். அவருக்கும் வீடு இருக்கிறது. வண்ணார்பேட்டையில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் கூப்பிட்டார்கள், போய்விட்டார். அசன் தினமும் காலையில் கதவைத் திறந்து வைப்பான், சாயங்காலம் அசருக்குப் பாங்கு சொன்னதும் சாத்துவான். என்னப்பா செய்யுதே என்று கேட்டால், "இருக்கேன் பெரியும்மா" என்பான். அழுது நான் பார்க்கவில்லை. கோபப்பட்டும் பார்க்கவில்லை. ஹமீது பீவி ஒரு தடவை, "நீங்க கூட இருந்து சொல்லுங்க, நானே பிடிச்சுப் பாக்கேன். எனக்கென்ன வெக்கம்" என்று கேட்டிருக்கிறாள். பார்ப்போம் என்றானாம். பிடித்துப் பார்க்கத்தான் வண்டி வேண்டுமே.

மரத்துப்போவது கையோடு நிற்கவில்லை, காலுக்கும் இறங்கியது. செருப்புக்குள் கிடந்த கல் தெரியாமல் ஒருநாள் முழுக்க நடந்து, இடது பாதத்தில் புண்ணாகி, ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். அப்போது மாப்பிள்ளைதான் வந்து கூட இருந்தான். தூக்கினான், கழுவிவிட்டான். அசன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து மாப்பிள்ளை நேரே அவனைத் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் இப்போது கேன் தண்ணீர் விற்கிறார்கள்.

அசன் மைதீன் இப்போது சாத்தான்குளத்தில் மகள் வீட்டில் இருக்கிறான்.